திருகோணமலைக்கு ஒரு கற்பனை மலை: எந்த உயரம் வரை பொய் சொல்லலாம்?

கேட்டவர் ஒரு நாவல் எழுதுகிறார். தாயாரின் ஊர் திருகோணமலையை ஒட்டிய கரையோர உப்புவெளி, தான் பிறந்து வளர்ந்தது ரொறன்ரோவில். கதைக்காகத் திருகோணமலைக்குப் பக்கத்தில், கந்தளாய்ப் பக்கமாக, ‘நீலமேககிரி’ என்று ஒரு மலையைப் படைத்திருக்கிறார். உயரம் 2,800 மீற்றர், உச்சியில் பனி, வயிற்றுக்குள் உறங்கும் எரிமலை, அதன் சூட்டில் கொதிக்கும் கன்னியா வெந்நீர் ஊற்று, ஆண்டு முழுதும் விழும் நீர்வீழ்ச்சி, சரிவெல்லாம் பைன் காடு, காட்டில் புலி, அடிவாரத்தில் எவருக்கும் விளங்காத மொழி பேசிக்கொண்டு மலையைக் கும்பிடும் ஒரு குலம். இதன் புவியியல், காடு, பண்பாடு மூன்றையும் நிரப்பித் தரச் சொல்கிறார். கடைசியில் ஒரு சின்னக் கேள்வியும் உண்டு: உப்புவெளி அம்மம்மா வீட்டு முற்றத்தில் இருந்து பார்த்தால் இந்த மலைக்குப் பின்னால் சூரியன் மறைவது தெரியுமா?

தம்பி, நீங்கள் உண்மையில் கேட்பது தகவல் இல்லை. எவ்வளவு பொய் சொன்னால் எங்கள் ஊர்க்காரன் புத்தகத்தை மூடி வைக்கமாட்டான் என்றுதான் கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. மலையே பொய் என்பதில் எவருக்கும் வருத்தம் இல்லை. அந்த மலையில் பெய்யும் மழை பொய்யாக இருந்தால்தான் வருத்தம்.

நான் 31 வருடம் புவியியல் படிப்பித்துவிட்டு வீட்டில் இருப்பவன். கல், மழை, காற்று பற்றிச் சொல்வதை நம்பி எழுதலாம். மரங்களைப் பற்றிய அறிவு புத்தகத்தில் பாதி, காட்டுக்குப் போகிறவர்களின் பின்னால் நடந்தது பாதி. சாமி, சடங்கு விஷயத்தில் நான் பட்டினத்துச் சைவக் குடும்பத்துப் பெடியனாக வளர்ந்தவன். மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் ஊர்களைப் பற்றியும் வேடர் குடிகளைப் பற்றியும் நான் சொல்வது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன் சொல்வது. அந்தப் பகுதிகளை அவர்களிடம் வாசித்துக் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

முதலில் உயரம். ஒரு மலையில் நீங்கள் செய்யவேண்டிய பெரிய தீர்மானம் அது ஒன்றுதான், மிச்சமெல்லாம் அதிலிருந்து தானாக இறங்கி வரும். இலங்கையிலேயே உயர்ந்த பீதுருதாலகால 2,524 மீற்றர். அதையும் தாண்டி ஒரு மலையைக் கிழக்குக் கரையில் நிறுத்துகிறீர்கள். நிறுத்துங்கள், ஆனால் பனி வராது. நூறு மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.65 பாகை குறையும். 2,800 மீற்றருக்கு 18 பாகை. கரையில் சராசரி 28 என்றால் உச்சியில் 10. சுவெட்டர் போடலாம், பனிமனிதன் செய்ய முடியாது. நுவரெலியாவில் தை, மாசி விடியற்காலையில் புல்நுனியில் உறைபனி படிவதோடு எங்கள் தீவின் பனி முடிந்துவிடும்.

பனியை விட்டாலும் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அவ்வளவு பெரிய மலை வடகிழக்கில் இருந்து வரும் வாடைக்காற்றுக்கு நேர் எதிரே நின்றால் கடலில் இருந்து வரும் ஈரத்தை எல்லாம் பிடித்து இறக்கிவிடும். கிழக்குச் சரிவில் வற்றாத ஆறுகள் ஓடும். அதோடு திருகோணமலை உலர் வலயமாக இருக்காது. உலர் வலயம் இல்லையென்றால் குளங்கள் தேவையில்லை, குளங்கள் இல்லையென்றால் கோணேசர் கோயிலைத் திருத்திக் கந்தளாய்க் குளத்தைக் கட்டியதாகச் சொல்லும் அரசன் குளக்கோட்டன் கதை இல்லை, கந்தளாய் இல்லை, ஊரே வேறு ஊர். சரித்திரமும் மாறிவிடும். கடற்படைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே குளிர்ந்த மலை ஒன்று இருந்தால் வெள்ளைக்காரன் நுவரெலியாவுக்கு ஏன் போகப்போகிறான்? உப்புவெளியில் தேயிலைக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் 2,800 என்ற அந்த இலக்கத்தில்தான் உங்களுக்கு ஆசை என்றால், அது எங்களிடம் இருக்கிறது, தலைகீழாக. திருகோணமலையை ஒட்டிய கொட்டியாரக் குடாவில் இருந்து தொடங்கி வெளிக்கடலுக்கு இறங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு 3,000 மீற்றருக்கும் கீழே போகிறது. கரைக்கு அவ்வளவு கிட்ட அவ்வளவு ஆழம் இருப்பதால்தான் நிலாவெளிக்கு நேரே வள்ளத்தில் போனாலே திமிங்கிலம் காணக் கிடைக்கிறது. உங்கள் குலத்தார் மலையின் நிழல் கடலுக்குள் கிடக்கிறது என்று நம்புவதாக எழுதிப் பாருங்கள். அது என் விருப்பம், உங்கள் கதை.

உங்களுக்கு அளவான மாதிரி ஒன்று நாட்டிலேயே உண்டு. அநுராதபுரம் பக்கத்து ரிட்டிகல. 766 மீற்றர்தான். சமதரையில் இருந்து எழும்புவதால் அதைவிடப் பெரிதாகத் தெரியும். கீழே வெந்து கிடக்கும் உலர்காடு. மேலே ஏறினால் வாடைக்காலத்தில் முகில் உட்கார்ந்திருக்கும், பாசி, ஓக்கிட், மலைநாட்டில் காணும் செடிகள். அடிவாரத்தில் பழைய பௌத்த துறவிமடத்தின் இடிபாடு. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகையில் சிந்திய துண்டு என்று ஒரு கதையும். 750 மீற்றர் உயரத்தில் இவ்வளவும் கிடைக்கும்போது 2,800 எதற்கு? உங்கள் மலையை 750 என்று வைத்துக்கொண்டே நான் தொடர்கிறேன்.

எங்கே வைப்பது? நீங்கள் சொன்ன கந்தளாய்ப் பக்கத்தைவிட, கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, சேருவிலவை ஒட்டி வைப்பது நல்லது. காரணம் கல். தீவின் பாறையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மிகப் பழைய படிகப்பாறை. அதை உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி, வன்னித் தொகுதி என்று பிரித்துச் சொல்வோம். உயர்நிலத் தொகுதி மலைநாட்டில் இருந்து வடகிழக்காக ஒரு நாடாபோல் நீண்டு வந்து திருகோணமலையில் கடலைத் தொடுகிறது. பட்டினத்தைச் சுற்றி நீங்கள் பார்க்கும் குன்று வரிசைகள் அந்த நாடாவின் வால்நுனி. அதன் கிழக்கு விளிம்பில் விஜயன் தொகுதி வந்து முட்டுகிறது. அந்த முட்டுக்கோட்டில்தான் சேருவில. செம்பும் காந்த இரும்புத்தாதும் கலந்த படிவு ஒன்றை அங்கே 1970களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார்கள்.

கதாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? மலையில் ஏறுகிறவனின் திசைகாட்டி ஓர் இடத்தில் தடுமாறலாம். கல் துருப்பிடித்த நிறத்தில் இருக்கலாம், மழை பெய்த அன்றைக்குச் சுனைத் தண்ணீர் சிவந்து ஒழுகலாம். இதெல்லாம் மாயம் இல்லை, காந்தக்கல். ஆனால் ஊர்ச்சனத்துக்கு அது ஒரு அம்மனின் கோபமாகத் தெரிந்தால் எவரும் குறை சொல்ல முடியாது. மலையின் வடிவமும் கல்லிலிருந்தே வரும். கூரான இமயமலைக் கொடுமுடி வேண்டாம். எங்கள் மலைகள் கிழவன்கள். கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒட்டிய காலத்தில், ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை இது. மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து போக மிஞ்சிய எலும்பு. படுத்த யானையின் முதுகுபோல் உருண்டு, வெங்காயம்போல் பாளம் பாளமாக உரிந்து, பக்கவாட்டில் கரிய நீர்க்கோடுகள் ஒழுகிய ஒரு பாறை. கீழே விழுந்து கிடக்கும் குண்டுக்கற்கள், அவற்றுக்கு இடையில் குகைகள்.

எரிமலையை எடுத்துவிடுங்கள். இலங்கையில் எரிமலை கிடையாது. தட்டுகள் மோதும் விளிம்பில் இருந்து நாங்கள் வெகுதூரத்தில் இருக்கிறோம். கன்னியாவின் ஏழு கிணறுகள் சுடுவதற்குக் காரணம் வேறு. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்குகிறது. ஒரு கிலோமீற்றர் கீழே போனால் 25, 30 பாகை சூடு கூடும். சூடாகி, ஆறுவதற்குள் வேறொரு வெடிப்பின் வழியே மேலே வந்துவிடுகிறது. அவ்வளவுதான். 40 பாகையை ஒட்டி இருக்கும், கிணற்றுக்குக் கிணறு சிறிது வித்தியாசம். கொதிக்காது. கையால் அள்ளி ஊற்றிக் குளிக்கிற சூடு. ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் ஏழு கிணற்றுக்கும் ஓடி ஓடி வாளி போட்டு எது சூடு கூட என்று சண்டை பிடிப்பார்கள். வெப்பமானியைக் கொடுத்தால் ஒருவரும் தொடமாட்டார்கள், கைதான் நீதிபதி. இராவணன் தாயின் கிரியைக்காக வாளால் குத்தித் திறந்த ஊற்று என்பது ஊர் நம்பிக்கை. செத்த தாய் தகப்பனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய இன்றைக்கும் அங்கே போகிறார்கள். உங்கள் மலையடியிலும் ஒரு வெந்நீர் ஊற்று வைக்கலாம், கல் அதற்கு இடம் கொடுக்கும். எரிமலை இல்லாமலே.

இனிக் காற்று. வெளியில் வளர்ந்தவர்கள் எழுதும்போது பெரும்பாலும் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஆனி, ஆடியில் மழை கொட்டுவதாக எழுதிவிடுவார்கள், கேரளத்து ஞாபகத்தில். எங்களுக்கு அந்த மாதங்கள் கச்சான் காற்றின் காலம். தென்மேற்கில் இருந்து வரும் காற்று மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, வெறும் சூட்டோடு இந்தப் பக்கம் வீசும். கதவு அடிபடும், உதடு வெடிக்கும், போட்ட உடுப்பு அரை மணித்தியாலத்தில் காயும். (வறுத்துத் தின்கிற நிலக்கடலைக்கும் இதே பெயர்தான். வெளியூர்க்காரர் குழம்பும் இடம், ஒரு பகிடிக்கு உதவும்.) எங்கள் மழை ஐப்பசியில் இடியோடு தொடங்கி, கார்த்திகை, மார்கழியில் வாடையோடு நிலைத்து, தையில் அடங்கும். ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீற்றர். பெரும்பங்கு அந்த நாலு மாதத்துக்குள். ஆகவே உங்கள் மலைக்கு இரண்டு முகம். கிழக்கு முகம் வாடையை வாங்கும், பச்சை. மேற்கு முகம் கச்சானை வாங்கும், மொட்டை. ஒரே மலையின் இரண்டு பக்கத்து ஊர்களும் இரண்டு வேறு மலைகளைப் பற்றிப் பேசுவதுபோல் பேசும்.

சூறாவளியையும் மறக்காதீர்கள். 1964 டிசம்பரில் திருகோணமலையைத் தாக்கிய புயல்தான் போய்த் தனுஷ்கோடியை அழித்தது. எங்கள் வீட்டுக் கிழவிகள் வயதைக்கூட ‘சூறாவளிக்கு முந்தி, பிந்தி’ என்றுதான் சொல்வார்கள். கடலைப் பார்த்த சரிவில் வானளாவிய மரங்களை நான் நடமாட்டேன். குட்டையான, கிளை முறுக்கிய மரங்கள் போதும்.

நீர்வீழ்ச்சி ஆண்டு முழுதும் விழும் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த உயரத்துக்கு அது முடியாது. மார்கழியில் மூன்று நாள் மழைக்குப் பிறகு பாறை முழுவதும் வெள்ளிக்கோடாக வழியும், மாசியில் ஒரு கறை மட்டும் இருக்கும். வற்றாமல் இருப்பது பாறைக் குழியில் தேங்கும் சுனை. சித்திரையில் கீழே குளம் வெடித்துக் கிடக்கும்போது மேலே ஒரு சுனையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பது சனத்துக்கு எவ்வளவு பெரிய அதிசயம் என்பதைக் கோணேசர் கோயில் பாவநாச தீர்த்தத்தைப் பார்த்தால் விளங்கும். கடலுக்கு மேலே, பாறைக்கு மேலே, நல்ல தண்ணீர். மலைத்தண்ணீர் அடிவாரத்தில் சும்மா ஓடிப்போக விடமாட்டார்கள். சுற்றிவரக் குளங்கள் இருக்கும், ஒன்றில் மிஞ்சி வழியும் மறுவாய்த் தண்ணீர் மற்றதற்குப் போகும். அதற்கும் அப்பால் மகாவலி. 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரத்தில் கடலுக்கு விழும் ஆறு. அதன் ஒரு கிளை வெருகலாறு. மாரியில் ஆறு பெருகினால் தாழ்நிலம் எல்லாம் வெள்ளக்காடு, மலை ஒரு தீவு. உங்கள் கதைக்கு ஒரு முழு அத்தியாயம் அதில் இருக்கிறது.

காட்டுக்கு வருவோம். பைன் வேண்டாம், இலங்கையில் இருக்கும் பைன் எல்லாம் மனிதன் நட்டது, அதுவும் பெரும்பாலும் மலைநாட்டில். குறிஞ்சிப்பூவும் வேண்டாம். மலை என்றதும் தமிழ் எழுதுகிறவனுக்குச் சங்கக் குறிஞ்சி கைக்கு வந்துவிடும். நீலக்குறிஞ்சி தென்னிந்திய மலைகளுக்கு உரியது, எங்கள் 750 மீற்றருக்கு வராது. உங்கள் மலையடிக் காடு பாலையும் வீரையும். ஊடே முதிரை, கருங்காலி, விண்ணாங்கு, ஆற்றோரத்தில் மருது, நாவல். சாவண்டலையைக் கட்டாயம் வையுங்கள். வெள்ளைக்காரன் ‘திருகோணமலை மரம்’ என்றே பெயர் வைத்து வள்ளம் கட்டவும் வண்டி செய்யவும் ஏற்றிக்கொண்டு போன மரம் அது. உச்சிக்குப் போகப் போக மரம் குறுகும், தண்டில் பாசி ஏறும், பாறை வெடிப்பில் ஓக்கிட் தொங்கும்.

ஒரே ஒரு மரத்தைக் கிட்டத்தில் காட்டப்போகிறீர்கள் என்றால் பாலையைக் காட்டுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் உலர்த்தும் நாட்களில், எல்லாம் காய்ந்து கிடக்கையில், இது மட்டும் மஞ்சளாகப் பழுத்துக் கொட்டும். விரல்நுனி அளவுப் பழம், பாணிபோல் இனிப்பு. பத்துப் பதினைந்து தின்றதும் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும், கதைக்க வராது. சின்ன வயதில் வாய் ஒட்டி வீட்டுக்கு வந்தால் எங்கே போனாய் என்று அம்மா கேட்கத் தேவையில்லை. அதே மரத்துக்குக் கரடியும் வரும். மரத்தில் ஏறிக் கிளையோடு முறித்துப்போட்டுத் தின்னும்.

அதனால்தான் சொல்கிறேன், பயம் காட்ட உங்களுக்குப் புலி தேவையில்லை. வரிப்புலி இலங்கையில் இல்லை, ஓநாய் இல்லை, செந்நாய் இல்லை, வரையாடும் இல்லை. இருப்பது சிறுத்தை. எங்கள் சனம் அதையே புலி என்று சொல்லும். மட்டக்களப்புப் பக்கத்தில் ‘புலிபாய்ந்தகல்’ என்று ஊரே இருக்கிறது, பாய்ந்தது சிறுத்தையாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் காட்டுக்குத் தேன் எடுக்கப் போகிறவனைக் கேட்டால் சிறுத்தைக்குப் பயம் என்று சொல்லமாட்டான். யானைக்கும் கரடிக்கும்தான் பயம். யானை தெரிந்து வரும், கரடி தெரியாமல் முன்னால் எழும்பி நிற்கும், முகத்தில்தான் அறையும். யானைகள் ஆண்டு முழுதும் மலையில் நிற்பதாக எழுதவேண்டாம். மழைக்காலத்தில் காட்டுக்குள் பிரிந்து திரிந்து, கோடையில் குளம் வற்றி உள்ளே புல் முளைத்ததும் மகாவலிக் கரையில் வில்லு என்று சொல்லும் சதுப்புத் தரவைகளுக்கும் குளத்துக்கும் இறங்கி வரும். மரை, புள்ளிமான், மந்தி, காட்டுக்கோழி, சாமத்தில் தேவாங்கு. இவ்வளவு போதும். பட்டியல் போட்டால் மிருகக்காட்சிசாலை ஆகிவிடும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘நீலமேககிரி’ என்று எங்கள் பக்கத்தில் எவரும் ஒரு மலைக்குப் பெயர் வைக்கமாட்டார்கள், புராணம் பாடுகிற புலவரைத் தவிர. சனம் கண்டதை, நடந்ததைச் சொல்லியே பெயர் வைக்கும். கட்டைபறிச்சான், பாலம்போட்டாறு, சாம்பல்தீவு. வாடைக்காலத்துக் காலையில் உச்சியில் முகில் கட்டிக்கொண்டு நிற்கும் மலை என்றால் ‘முகில்கட்டி’. அவ்வளவுதான். பிறகு ஒரு புலவர் வந்து அதைக் கிரியாக்கித் தலபுராணம் எழுதட்டும். சிங்கள ஊர்ச்சனம் ‘கந்த’ என்றோ ‘கல’ என்றோ முடிகிற வேறு பெயர் சொல்லும். முஸ்லிம் சனம் அங்கே அடங்கியிருப்பதாகச் சொல்லும் ஒரு பெரியவரின் பெயரால் அழைக்கலாம். ஒரே மலைக்கு மூன்று பெயர் என்பது இங்கே புதிது இல்லை. சிவனொளிபாதம், ஸ்ரீபாத, ஆதம் மலை எல்லாம் அந்த ஒரே 2,243 மீற்றர்தானே. எந்தப் பெயரில் அழைக்கிறான் என்பதை வைத்தே பாத்திரம் யார் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும், நீங்கள் சொல்லத் தேவையில்லை.

தெய்வங்களை உச்சியில் குவிக்காதீர்கள். ஒரு மலையின் வழிபாடு கீழே இருந்து மேலே போகப்போகக் குறையும் என்பது என் அனுபவம். அடிவாரக் குளக்கட்டில் ஐயனார் அல்லது வைரவர், வயல் விதைக்க முன்னும் வெட்டின பின்னும் பொங்கல். புற்றடியில் நாகதம்பிரான். ஊருக்குள் கண்ணகி அம்மன், வைகாசிப் பூரணையை ஒட்டி அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்திச் சடங்கு, அதற்குப் பிறகு மழை வரும் என்ற எதிர்பார்ப்பு. குகை என்றால் மேல்விளிம்பில் மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் வெட்டிய நீர்வடி விளிம்பும் அதன்கீழ் பிராமி எழுத்தில் இரண்டு வரியும் இருக்கலாம். உலர் வலயக் குன்றுகளில் அது எவ்வளவோ இடத்தில் உண்டு, பௌத்த துறவிகளுக்குக் கொடுத்த குகைகள். திரியாய்க் குன்றின்மேல் பழைய தாதுகோபமும் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டிய வடமொழிக் கல்வெட்டும் இருக்கின்றன. வணிகர்கள் கடலால் வந்து கட்டியதாக அது பேசுகிறது. ஒரு திருப்பத்தில் பச்சைக் கொடியோடு முஸ்லிம் பெரியவர் அடங்கிய ஒரு ஸியாரம், ஆண்டுக்கு ஒரு கந்தூரி அன்னதானம். உச்சியில்? வெறும் சுனையும் ஒரு கல்லும். அங்கே கோயில் கட்டினால் யார் தினமும் ஏறி விளக்கு வைப்பது என்று ஊரில் ஒருவர் கேட்பார்.

கோணேசர் கோயில் நிற்கும் கோணமலையையே எடுத்துப் பாருங்கள். சுமார் 130 மீற்றர்தான், ஆனால் நாட்டில் இதைவிட எத்தனையோ மடங்கு உயர்ந்த மலைகளுக்கு இல்லாத கீர்த்தி. அங்கே உறுதியானது இது: 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடும் அளவுக்குப் புகழ்பெற்ற சிவன்கோயில் இருந்தது. 1622இல் போர்த்துக்கேயர் அதை இடித்தார்கள், கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள். 1950இல் கிணறு வெட்டியவர்களுக்குப் பழைய வெண்கலத் திருவுருவங்கள் அகப்பட்டன. அந்தப் பத்தாண்டிலேயே எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் பாறையின் கீழே கடலில் மூழ்கிக் கோயில் தூண்களைக் கண்டார்கள். சந்தேகத்துக்கு உரியது: குளக்கோட்டன் எந்த நூற்றாண்டு என்பது. அறிஞர்கள் ஒருவரோடு ஒருவர் நூற்றாண்டுக் கணக்கில் ஒத்துப்போவதில்லை. நம்பிக்கை: மேருவின் சிகரம் ஒன்று பிய்ந்து விழுந்து கோணமலை ஆனது, இராவணன் மலையை வெட்டினான் என்பவை. இராவணன் வெட்டு என்ற பிளவு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. பிளவு உண்மை, எந்தப் புவியியல் வாத்தியாரும் பாறை வெடிப்பு என்று விளக்குவான். ஆனால் அதற்குள் எட்டிப் பார்த்துக் கீழே கடல் உறுமுவதைக் கேட்ட எந்தப் பிள்ளையும் என் விளக்கத்தைப் பரீட்சைத்தாளில் மட்டும்தான் எழுதியது. உங்கள் மலைக்கும் இந்த மூன்று அடுக்கு இருக்கட்டும். மூன்றையும் ஒரே ஆள் வாயில் போடாதீர்கள்.

விளங்காத மொழி பேசும் குலம் என்பதுதான் எனக்குப் பிடிக்காத இடம். வெருகல், ஈச்சிலம்பற்று, வாகரைப் பக்கங்களில் கரையோர வேடர் குடிகள் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது தமிழ். மீன் பிடிப்பார்கள், காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்வார்கள், தேன் எடுப்பார்கள், பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும், கையில் போன் இருக்கும். அவர்களை இலையுடுத்தி நிறுத்தினால் அது மலையைப் பற்றிய பொய் இல்லை, மனிதரைப் பற்றிய பொய். ஒரு தடவை தேன் எடுக்கிற ஒருவரோடு காட்டுக்குப் போனேன். வழி தொடங்கும் இடத்தில் நின்று ஒரு குழையை முறித்து மரக்கிளையில் செருகினார், பழைய வாடிய குழைகள் அங்கே நிறையத் தொங்கின. மந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. “என்ன ஐயா இது?” என்றேன். “வந்திட்டம் எண்டு சொல்லிப்போட்டுப் போறது, சேர்” என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உங்கள் குலத்தின் சமயம் முழுவதையும் அந்தக் குழையால் எழுதிவிடலாம்.

கடலில் இருந்தும் மலையைப் பாருங்கள். 750 மீற்றர் உச்சி, தெளிந்த நாளில், கணக்குப்படி நூறு கிலோமீற்றர் அளவு தூரம் வரை கடலில் தெரியவேண்டும். மீன்பிடிகாரர் மலையையும் கோணேசர் கோபுரத்தையும் எதனோடு எது சேர்கிறது, எது விலகுகிறது என்று பார்த்துத்தான் மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டான தங்கள் ‘பார்’ எங்கே என்று கண்டுபிடிப்பார்கள், இப்போது கையில் ஜீபிஎஸ் இருந்தாலும். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கின. உங்கள் மலை அன்றைக்கு இருந்திருந்தால் அதன் உச்சியில் காவல் கூடு ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். பிறகு வந்த எங்கள் சொந்த யுத்தத்திலும் உயரமான இடம் எதையும் எவரும் சும்மா விடவில்லை. கோணேசர் கோயிலுக்கே இன்றைக்கும் இராணுவ முகாம் இருக்கும் கோட்டைக்குள்ளால்தான் போகிறோம், மான்கள் வழியில் நின்று பார்க்கும். ஆகவே இப்போது நாற்பது வயதில் இருக்கும் ஒரு முகில்கட்டிக்காரர் தன் மலையின் உச்சியைச் சின்ன வயதில் கண்டிருக்கமாட்டார். தகப்பன் சொல்லக் கேட்ட சுனையைத் தேடி முதல்முறை ஏறுகிறார், மேலே போனால் தொலைபேசிக் கோபுரம் நிற்கிறது. நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதிவிடுவேன் போலிருக்கிறது.

கடைசிக் கேள்விக்கு: இல்லை, தெரியாது. உப்புவெளிக்குச் சேருவில தெற்கே இருக்கிறது, சூரியன் எங்கள் ஊரில் தெற்கே மறைவதில்லை. மார்கழியில்கூட மேற்கில் இருந்து 24 பாகை அளவுதான் தெற்கே சாயும். அம்மம்மா வீட்டுக்கு முன்னால் கடற்கரையில் நின்றால், குடாவுக்கு அப்பால், ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்தில் மலை நீலமாகத் தெரியும். கையை முழுதாக நீட்டிச் சுண்டுவிரலைப் படுக்கையாகப் பிடியுங்கள். ஒன்றரை விரல் உயரம், அதற்குமேல் இல்லை. கச்சான் புழுதியில் அதுவும் தெரியாது, மழை விட்ட மறுநாள் காலையில் தெரியும். சூரியன் மலைக்குப் பின்னால் விழத்தான் வேண்டும் என்றால் அம்மம்மாவை இலங்கைத்துறை முகத்துவாரத்துக்கு இடம் மாற்றுங்கள். மலை அங்கிருந்து மேற்கே நிற்கும், பங்குனியில் சூரியன் அதன் முதுகில் இறங்கும். ஆனால் உப்புவெளிச் சனம் அப்படி இலேசில் வீடு மாறாது, அதற்கும் ஒரு காரணம் எழுதவேண்டி வரும்.